ஆண்களுக்கு உண்மைச் சாகசப் புத்தகம் தெரிந்து கொடுப்பது எப்படி: கொழும்பு வாசகருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அப்பாவுக்கோ கணவருக்கோ கந்தோரில் கூட வேலை செய்பவருக்கோ ஓர் உண்மைச் சாகச நூல் வாங்கப் போகிறவர்கள் வழமையாகச் செய்வது ஒன்றுதான். இணையத்தில் ‘மிகச் சிறந்தவை’ என்ற பட்டியலைத் தேடி, மேலே கிடப்பதை வாங்கிவிடுவார்கள். அது பெரும்பாலும் 600 பக்கத் துருவப் பயணமாக இருக்கும். 30ஆம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகிவைத்தபடி அது அலுமாரிக்குள் போய்விடும்.

புத்தகத்தில் பிழை இல்லை, வேலை செய்த ஒழுங்கில்தான் பிழை. முதலில் ஆளைப் பார்க்க வேண்டும், பிறகு எந்த வகை ஆபத்து என்று பார்க்க வேண்டும், அதன்பிறகு நூல் எவ்வளவு உண்மை என்று பார்க்க வேண்டும். தலைப்பும் பதிப்பும் கடைசியில் வருபவை. (இவை ஆண்கள் மட்டும் வாசிக்கிற புத்தகங்கள் அல்ல. ஆனால் கேட்டு வருகிறவர்கள் ‘அவருக்கு ஒன்று சொல்லுங்கோ’ என்றுதான் கேட்கிறார்கள்.)

1. கடைக்குப் போக முன் கேட்டு வைக்க வேண்டியவை

‘என்ன புத்தகம் பிடிக்கும்?’ என்று கேட்காதீர்கள். பள்ளிக்கூடக் காலத்தில் வாசித்த சரித்திர நாவலின் பெயர்தான் பதிலாக வரும். ‘கடைசியாக எதை முழுக்க வாசித்து முடித்தீர்கள்?’ என்று கேளுங்கள். பத்து வருடமாக ஒன்றும் முடிக்கவில்லை என்றாலும் அது பயனுள்ள பதில்தான். அவருக்கு முதல் புத்தகம் 250 பக்கத்தைத் தாண்டக் கூடாது.

எங்கே வைத்து வாசிப்பார் என்பது அடுத்தது. பாணந்துறையிலிருந்து கோட்டைக்குக் கோச்சியில் வருகிறவருக்கு ஒரே இருப்பில் நல்ல நேரம் கிடைக்கும். நீண்ட அத்தியாயம் சரிவரும். வெள்ளவத்தையில் பஸ் ஏறி நின்றுகொண்டே போகிறவருக்குக் குட்டி அத்தியாயங்கள் வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு நாளும் விட்ட இடத்தைத் தேடியே களைத்துப்போவார்.

மூன்றாவது, ஆங்கிலம். பேசுகிற ஆங்கிலத்தை வைத்து மதிப்பிடாதீர்கள். ஆங்கிலப் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கத்தோடு நிற்கிறவரா, ஆசிரியர் தலையங்கம் வரை போகிறவரா என்று பாருங்கள். முதலாமவருக்கு 1950க்குப் பிறகு எழுதப்பட்ட நூல்களே பொருத்தம்.

2. எதைக் கொடுக்கக் கூடாது என்பதை முதலில் தீர்மானியுங்கள்

எங்கள் ஆட்களுக்குப் பரிந்துரைக்கும்போது வெளிநாட்டுப் பட்டியல்கள் சொல்லித்தராத படி இது. பசி, சிறை, படகில் தத்தளிப்பு, சடலங்களோடு கிடத்தல் எல்லாம் இந்த வகை நூல்களின் அன்றாடச் சரக்கு. 2009ஐ வன்னியில் கழித்தவருக்கோ, 2004 சுனாமியில் ஆட்களைப் பறிகொடுத்தவருக்கோ, அவுஸ்திரேலியாவுக்கென்று படகேறித் திரும்பியவருக்கோ இவை பொழுதுபோக்கு ஆகாது. சிலர் விரும்பியே வாசிப்பார்கள், ஆனால் அது அவர்களுடைய முடிவாக இருக்க வேண்டும். ‘கடலில் தத்தளிக்கிற கதை, பரவாயில்லையா?’ என்று ஒரு கேள்வி போதும்.

நரமாமிசம் வரும் நூல்களையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பியர்ஸ் போல் றீட் எழுதிய ‘அலைவ்’ 1972 ஒக்டோபர் 13 அன்று அந்தீஸ் மலையில் விழுந்த விமானத்தைப் பற்றியது. 45 பேரில் 16 பேர் 72 நாளுக்குப் பிறகு மீண்டார்கள். இறந்தவர்களை உண்டுதான் உயிர் தப்பினார்கள். மிக நேர்மையான நூல். ஆனால் வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் சாப்பிடுகிற மாமாவுக்குப் பிறந்தநாள் பரிசாகச் சொல்லாமல் கொடுத்தால், அடுத்த முறை நீங்கள் எதைக் கொடுத்தாலும் சந்தேகத்தோடுதான் திறப்பார்.

3. அவர் உடம்புக்குத் தெரிந்த ஆபத்தில் தொடங்குங்கள்

வெப்பம், உப்புத் தண்ணீர், செங்குத்தான ஏற்றம், காடு: இவற்றில் எது அவர் உடம்புக்குப் பழக்கம்? அதிலிருந்து தொடங்கினால் ஆசிரியர் விவரிக்காததையும் அவரே நிரப்பிக்கொள்வார். பகலில் 30 பாகையை ஒட்டியே இருக்கும் ஊரில் இருக்கிறவரை முதல் நாளே அந்தாட்டிக்காவுக்கு அனுப்பினால், அந்தக் குளிர் அவருக்கு வெறும் எண்ணாகவே இருக்கும்.

கடற்கரை ஊர்க்காரருக்கு, அவர் வல்வெட்டித்துறையோ முகத்துவாரமோ நீர்கொழும்போ, ஸ்டீவன் கலஹனின் ‘அட்றிஃப்ற்’ நல்ல தொடக்கம். 1982இல் அத்லாந்திக்கில் படகு மூழ்கி, காற்றடைத்த ரப்பர் தெப்பத்தில் 76 நாள் தனியாக இருந்தவர். சூரிய வெப்பத்தால் கடல்நீரைக் குடிநீராக்கும் கருவியில் நாளொன்றுக்கு அரை லீற்றர் அளவு எடுக்கப் படும் பாடு, தெப்பத்தின் கீழ் வந்து சேரும் மீன்கள், கிழிந்த ரப்பரை அடைக்கும் முயற்சி எல்லாம் கைவேலை தெரிந்தவரைப் பிடித்துக்கொள்ளும். கடலை அறிந்தவர் இடையிடையே ‘இதை இப்படிச் செய்திருக்கலாம்’ என்று வாதாடத் தொடங்குவார். புத்தகம் பிடித்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

வளைகுடாவில் வேலை செய்து வந்தவருக்கு வில்பிரட் தெசிகரின் ‘அரேபியன் சாண்ட்ஸ்’. இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் பொருத்தம் அபாரம். 1946க்கும் 1948க்கும் இடையில் பெதூயின் தோழர்களோடும் ஒட்டகங்களோடும் ருப் அல் காலியைக் கடந்த பயணங்கள் அதில் இருக்கின்றன. தான் நெடுஞ்சாலையும் உயர்ந்த கட்டடங்களும் பார்த்த அபுதாபி அப்போது எப்படிக் கிடந்தது என்பதை அவர் அங்கே காண்பார். நடை மெதுவானது, உச்சக்கட்டம் என்று ஒன்றில்லை. அதைச் சொல்லியே கொடுங்கள்.

சிவனொளிபாதமலை, நக்கிள்ஸ் என்று ஏறித் திரிகிற இளைஞருக்கு ஜோ சிம்சனின் ‘டச்சிங் த வொய்ட்’. 1985இல் பெருவில் 6,344 மீற்றர் சியுலா கிராண்டே சிகரத்தில் இரண்டே பேர். சிறிய நூல், வேகமானது. வாசிப்பு விட்டுப்போன ஆணுக்கு ஒரே ஒரு நூல் சொல்லு என்றால் இதைத்தான் சொல்லலாம்.

திருகோணமலைக்காரருக்கு டேவிட் கிரானின் ‘த லொஸ்ற் சிற்றி ஒஃப் இசற்’ (2009). 1925இல் பிரேசில் காட்டுக்குள் போய்த் திரும்பாத பேர்சி போசெற் இளமையில் பீரங்கிப் படை அதிகாரியாகத் திருகோணமலையில் இருந்தவர். அந்தத் தொடர்பு ஒன்றே முதல் 50 பக்கத்தைத் தாண்டவைக்கும்.

சுழியோடுகிறவருக்கு ஆதர் சி. கிளார்க்கின் ‘த றெஷர் ஒஃப் த கிறேற் றீஃப்’ (1964). 1961இல் கிரிந்தைக்கு அப்பால், பெரிய பாசஸ் கற்பாரில் கிடைத்த வெள்ளி நாணயங்களின் கதை. ஔரங்கசீப் காலத்து ரூபாய்கள், ஹிஜ்ரி 1113 பொறிக்கப்பட்டவை. பழைய புத்தகக் கடைகளில் தேடவேண்டும்.

காடு பழகியவருக்கு, வேட்டைக்காரர் கென்னத் அண்டர்சன். ‘நைன் மேன்ஈட்டர்ஸ் அண்ட் வன் றோக்’ (1954) நூலில் ஜவளகிரி போன்ற தமிழ்நாட்டு எல்லைக் காடுகள் வருவதால் ஊர்ப்பெயர்கள் அந்நியமாகத் தெரியாது. சாமுவேல் பேக்கரின் நுவரெலியா வேட்டை நூல்களை (1853, 1855) முதலில் கொடுக்காதீர்கள். பக்கத்துக்குப் பக்கம் யானை விழும். இன்றைய வாசகருக்கு ஆசிரியர்மேல் கோபம்தான் வரும்.

தமிழில் மட்டும் வாசிப்பவருக்குத் தெரிவு குறைவு, அதை ஒளிக்கத் தேவையில்லை. ஜிம் கோர்பெற்றின் நூல் தி.ஜ.ர. மொழிபெயர்ப்பில் ‘குமாயுன் புலிகள்’ என்று உண்டு; 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். ஏ.கே. செட்டியாரின் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ காந்தி ஆவணப்படத்துக்காகத் துண்டுப் படங்களைத் தேடி நாடு நாடாக அலைந்த கதை. படம் 1940இல் வெளிவந்தது. துப்பாக்கியும் இல்லை, பனிமலையும் இல்லை, ஆனாலும் விறுவிறுப்பு உண்டு. பென்சன் எடுத்தவர்கள் இதைக் கீழே வைப்பதில்லை.

4. ‘உண்மைக் கதை’ எவ்வளவு உண்மை என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப்போகிறவர்கள் அதிகம். வாசித்து முடித்தவர் இணையத்தில் தேடுவார். ‘இது பொய்யாமே’ என்று வந்து நிற்பார். முன்பே சொல்லியிருந்தால் அதுவே சுவையான உரையாடல் ஆகியிருக்கும்.

மேல்தட்டில் நாட்குறிப்புகளையும் பலரின் சாட்சியங்களையும் வைத்து எழுதப்பட்டவை. அந்தாட்டிக்காப் பனியில் சிக்கி மூழ்கிய ஷாக்கிள்டனின் கப்பலைப் பற்றி அல்பிரட் லான்சிங் எழுதிய ‘எண்டுரன்ஸ்’ (1959) அப்படிப்பட்டது. அப்போது உயிரோடிருந்தவர்களைச் சந்தித்து, அவர்களது குறிப்பேடுகளைப் பார்த்து எழுதினார். கப்பலின் சிதைவே 2022இல் 3,008 மீற்றர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டது.

நடுத்தட்டில், பயணம் உண்மை, ஆனால் அதை வைத்துச் சொன்ன கொள்கை நிலைக்கவில்லை என்பவை. தோர் ஹெயர்டாலின் ‘கொன்டிக்கி’ தெப்பம் 1947இல் பெருவிலிருந்து புறப்பட்டு 101 நாள் மிதந்தது மறுக்க முடியாதது. தென்னமெரிக்காவிலிருந்துதான் பொலினீசியாவில் மக்கள் குடியேறினார்கள் என்ற அவரது வாதத்தை ஆய்வாளர்கள் ஏற்கவில்லை.

கீழ்த்தட்டு சச்சரவுக்குரியது. தமிழ் வாசகர் பலருக்கு இந்த வகையின் முதல் நூல் ரா.கி. ரங்கராஜன் தமிழாக்கிய ‘பட்டாம்பூச்சி’தான். பிரெஞ்சுச் சிறைக்கைதியாக இருந்த ஹென்றி ஷாரியேர் 1969இல் தன்வரலாறாக வெளியிட்டது. அதில் பல சம்பவங்கள் மற்றக் கைதிகளுக்கு நடந்தவை அல்லது நடக்காதவை என்று பலரும் காட்டியிருக்கிறார்கள். சைபீரிய முகாமிலிருந்து இந்தியாவுக்கு நடந்து வந்ததாகச் சொல்லும் ராவிச்சின் ‘த லோங் வோக்’ (1956) நிலைமை இன்னும் மோசம். அவர் தப்பவில்லை, 1942இல் விடுவிக்கப்பட்டார் என்று காட்டும் ஆவணங்களை 2006இல் பிபிசி வெளிக்கொணர்ந்தது. இரண்டையும் கொடுக்கலாம், ஆனால் நாவல் என்று சொல்லிக் கொடுங்கள்.

5. பதிப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள்: வரைபடம், படத்தாள், கடைசிப் பக்கம்

தமிழ் நூல்களுக்குச் செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் உள்ள பூபாலசிங்கம் புத்தகசாலை, கொழும்பு 11 பீப்பிள்ஸ் பார்க்கில் சேமமடு. ஆங்கிலத்துக்கு விஜித யாப்பா, சரசவி. இலங்கை பற்றிய ஆங்கில நூல்களுக்குக் காலி வீதி பெயார்புட். பழையவற்றுக்கு மருதானை டி. ஆர். விஜேவர்தன மாவத்தைக் கடைகள். அவசரமில்லை என்றால் செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபப் புத்தகக் கண்காட்சி வரை பொறுக்கலாம்.

எங்கே வாங்கினாலும் முதலில் வரைபடத்தைத் திறவுங்கள். அதிலுள்ள சின்ன எழுத்துகள் வாசிக்க முடியாமல் கறுப்புத் திட்டாக இருந்தால் அது நகலெடுத்து அச்சடித்த திருட்டுப் பதிப்பு. வரைபடம் இல்லாத பயண நூலைப் பாதியில் எவரும் விட்டுவிடுவார், ஏனென்றால் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதே விளங்காது.

பிறகு படத்தாள்கள். பொருளடக்கத்தில் படங்கள் என்று போட்டு, உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் அதுவும் திருட்டுப் பதிப்பாக இருக்கலாம். பழைய புத்தகமானால் கடைசிப் பக்கத்தையும் பாருங்கள். எங்கள் ஊர் ஈரப்பதத்தில் பின்னட்டைக்கு முந்திய தாள்கள்தான் முதலில் கழன்று போகும்.

சுருக்கப் பதிப்புத்தான் பெரிய பொறி. பழைய கடைகளில் அழகான கட்டமைப்போடு அடுக்கியிருக்கும் ரீடர்ஸ் டைஜெஸ்ட் தொகுப்புகளில் ஒரே அட்டைக்குள் நாலு நூல் இருக்கும், நாலும் வெட்டப்பட்டவை. லோரா ஹிலன்பிராண்டின் ‘அன்புரோக்கன்’ நூலுக்கு இளையோர் பதிப்பு ஒன்று தனியாக உண்டு, அட்டையை மட்டும் பார்த்து எடுத்தால் மாறிவிடும். 60 வயதைத் தாண்டியவருக்கு வாங்குவதானால் ஒரு பக்கத்தில் வரிகளை எண்ணுங்கள். 40ஐத் தாண்டினால் வேறு பதிப்பு தேடுங்கள்.

திரையில் வாசிப்பவருக்குக் காசே வேண்டாம். கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், தனியாகப் படகில் உலகைச் சுற்றிய ஜோஷுவா ஸ்லோகம் ஆகியோரின் நூல்கள், ஷாக்கிள்டனின் ‘சவுத்’ எல்லாம் குட்டன்பேர்க் தளத்தில் இலவசம்.

6. கொடுக்க முன் புத்தகத்தைத் தயார் செய்யுங்கள்

நடுவிலுள்ள படத்தாள்களை ஒரு கிளிப் போட்டு மூடிவிடுங்கள். படத்துக்குக் கீழ் உள்ள வரியே யார் பிழைத்தார், யாருக்கு விரல் போனது என்று சொல்லிவிடும். வாசிக்கத் தயங்குகிறவர் முதலில் படங்களைத்தான் புரட்டுவார்.

ஒரு கடதாசி மட்டையில் முக்கியமான ஐந்தாறு பெயர்களையும் அவரவர் வேலையையும் எழுதி வையுங்கள். ‘எண்டுரன்ஸ்’ கப்பலில் 28 பேர். வைல்ட் (துணைத் தலைவர்), வேர்ஸ்லி (கப்டன்), மக்னீஷ் (தச்சர்), ஹேர்லி (படப்பிடிப்பாளர்), கிரீன் (சமையல்) என்று இருந்தால் மற்றவர்கள் தாமாகப் பழகிப்போவார்கள்.

மட்டையின் மறுபக்கத்தில் அளவைகள்: ஒரு கடல் மைல் 1.85 கிலோமீற்றர், ஒரு பாகம் 6 அடி, பாரன்ஹீற்றிலும் செல்சியஸிலும் கழித்தல் 40 ஒன்றே. அந்தாட்டிக்காப் பயணம் பற்றிய செரி-கறாட்டின் நூலில் வரும் கழித்தல் 77 பாரன்ஹீற் என்றால் ஏறக்குறைய கழித்தல் 60 செல்சியஸ் என்று தெரிந்தால்தான் அவர்கள் பல்லுக்கு என்ன நடந்தது என்பது விளங்கும்.

7. இரண்டு வசனத்தில் சொல்லிக் கொடுங்கள்

‘அருமையான புத்தகம், கட்டாயம் வாசியுங்கோ’ என்பது வீட்டுப்பாடம். சிக்கலை மட்டும் சொல்லுங்கள், முடிவைச் சொல்லாதீர்கள். ‘டச்சிங் த வொய்ட்’ நூலுக்கு வட்ஸ்அப்பில் இப்படி:

‘மாமா, பனிமலையில ரெண்டு பேர். ஒருத்தருக்குக் கால் முறிஞ்சு கயித்தில தொங்கிறார், மேல கயித்தைப் பிடிச்சிருக்கிறவரும் கொஞ்சம் கொஞ்சமா வழுக்கிறார். கத்தி இருக்கு. நீங்களெண்டால் என்ன செய்வியள்?’

மாமா பதில் எழுதினால் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

மனேஜர்மாருக்கு ‘எண்டுரன்ஸ்’ கொடுக்கும்போது ‘தலைமைத்துவப் பாடம்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஐந்து தோழரோடு சின்னப் படகொன்றில் ஏறக்குறைய 800 மைல் போகிற மனிதரை அவர் கந்தோர்ப் பயிற்சிப் பட்டறையாக வாசிக்கத் தொடங்கிவிடுவார்.

8. இரண்டாவது புத்தகம்: அதே சம்பவம், வேறு கண்

ஒன்றை முடித்தவருக்கு உடனே இன்னொரு மலையைக் கொடுப்பதைவிட, அதே மலையை இன்னொருவர் சொல்வதைக் கொடுங்கள். இந்த வகையின் ருசியே அங்கேதான் பிடிபடும். முதல் நூலில் நடுவர்போலத் தெரிந்தவர், இரண்டாவதில் கட்சிக்காரராகத் தெரிவார்.

1996 மே மாதம் எவரெஸ்ட்டில் ஒரே புயலில் எட்டுப் பேர் இறந்தார்கள். ஜோன் கிறாகவரின் ‘இன்டு தின் எயார்’ (1997) வழிகாட்டி அனத்தோலி புக்கிரியேவின் செயல்களைக் குறைகூறும். அவர் தரப்பு அதே ஆண்டு வந்த ‘த கிளைம்ப்’ நூலில் இருக்கிறது. இதே ஒழுங்கில் கொடுங்கள்; மாறிக் கொடுத்தால் என்ன குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்கிறார் என்றே தெரியாது.

மொரிஸ் எர்சோக்கின் ‘அன்னபூர்ணா’ 1950 ஜூன் 3 அன்று முதன்முதலாக 8,000 மீற்றரைத் தாண்டிய ஒரு சிகரத்தில் ஏறிய கதை. மற்ற உறுப்பினர்கள் ஐந்து வருடத்துக்கு எதையும் வெளியிடுவதில்லை என்று கையெழுத்திட்டுத்தான் போனார்கள். அதை வாசித்தபின் டேவிட் றொபேட்ஸின் ‘ட்ரூ சமிற்’ (2000) கொடுத்தால், வீரகாவியமாக வாசித்தது வேறொன்றாகத் தெரியும். ஆளுக்கு எர்சோக் மிகவும் பிடித்துப்போயிருந்தால் கொஞ்சம் பொறுத்துக் கொடுங்கள்.

9. இடையில் நின்றுவிட்டால்

மூன்று கிழமை கழித்து ‘எப்படி இருக்கு?’ என்று கேட்காதீர்கள், ‘ஆட்கள் இப்ப எங்க நிக்கினம்?’ என்று கேளுங்கள். முதலாவதற்கு ‘நல்லாயிருக்கு’ என்று பொய் சொல்லலாம், இரண்டாவதற்கு முடியாது.

தொடக்கத்திலேயே நின்றிருந்தால் பல நூல்களில் தாண்டிப்போக இடம் உண்டு. ‘கொன்டிக்கி’யில் முதல் மூன்று அத்தியாயம் கொள்கையும் ஆயத்தமும், நாலாவதில்தான் கடல். செரி-கறாட்டின் ‘த வேர்ஸ்ற் ஜேர்னி இன் த வேர்ல்ட்’ நூலில் ஏழாவது அத்தியாயத்துக்குப் போகச் சொல்லுங்கள். மூன்று பேர் பென்குயின் முட்டைக்காக இருட்டில் போகும் குளிர்காலப் பயணம் அதுதான், பிடித்தால் திரும்பிவந்து மற்றதை வாசிக்கலாம். நொக்ஸின் 1681ஆம் ஆண்டு நூலில் முதல் மூன்று பாகமும் கண்டி இராச்சியத்தின் நிலம், அரசன், மக்கள். 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டதும் 1679இல் அரிப்புக் கோட்டைக்குத் தப்பி வந்ததும் நாலாம் பாகத்தில் இருக்கின்றன. எங்கள் நாட்டுக் கதை என்று ஆசையோடு வாங்கியவர்கள் பெரும்பாலும் முதல் பாகத்தின் ஆறுகளையும் மலைகளையும் எண்ணிக்கொண்டே நின்றுவிடுகிறார்கள்.

50ஆம் பக்கம் தாண்டியும் நகரவில்லை என்றால் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அதே வகையில் ‘இன்னும் நல்லது’ ஒன்றைக் கொடுக்காமல் வகையை மாற்றுங்கள். கடலில் நின்றால் மலை, மலையில் நின்றால் காடு. இரண்டு வகையிலும் நின்றால் தடை ஆங்கிலமாகத்தான் இருக்கும். தமிழ் நூலொன்றைக் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்திலோ பொது நூலகத்திலோ முதலில் எடுத்துக் கொடுத்துப் பாருங்கள், முடித்தாரென்றால் அதன்பிறகு அடுத்ததைக் காசு கொடுத்து வாங்கலாம்.